ஆட்சேபமின்றிப் போன எண்ணூறு கிலோ

தம்பி இறந்து இரண்டு வாரம் கழித்து அக்கா வேலைக்குத் திரும்பியபோது அவளுடைய மேசை பளிச்சென்று துடைத்து வைக்கப்பட்டிருந்தது. நாற்காலிக்கு யாரோ புது உறை போட்டிருந்தார்கள். ஆறுதல் சொல்ல வாய் வராதவர்கள் இப்படித்தான் எதையாவது துடைப்பார்கள், எதையாவது மாற்றுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஜன்னலோரம் தாள்கள் அடுக்கியிருந்த தட்டை மட்டும் யாரும் தொட்டிருக்கவில்லை. அதன்மேல் தூசி படிந்திருந்தது.

வீட்டில் தம்பிக்கு மட்டும்தான் அவள் அக்கா. அலுவலகத்தில் எல்லோருக்கும் அக்கா. வாசலில் ‘வேதிப்பொருள் இறக்குமதிக் கட்டுப்பாட்டுப் பிரிவு’ என்று பலகை உண்டு. பெயர்தான் நீளம், ஆள் நாலே பேர். அக்கா, ஒரு டைப்பிஸ்ட் பெண், தபால் அனுப்புகிற அண்ணன், இவர்களுக்கு மேலே பிரிவுத் தலைவர். யார் என்ன எழுதிக்கொண்டு போனாலும் ஒரு காற்புள்ளியாவது சேர்க்காமல் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. அதனால் அவருக்குக் கமா சார் என்று பெயர்.

“வாங்கக்கா,” என்றார் தபால் அண்ணன். “நீங்க இல்லாம கமா சாருக்குக் கமா போட இடமே கிடைக்கல. மனுஷன் இளைச்சே போயிட்டார்.” சொல்லிவிட்டு, துக்க வீட்டுக்காரியிடம் இப்படியா பேசுவது என்று உறைத்திருக்க வேண்டும். ஒரு கட்டுக் கடிதங்களை எடுத்து அணைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்தப் பிரிவின் வேலையை அக்கா தன் தம்பிக்கு ஒருமுறை இப்படி விளக்கியிருந்தாள். சில பொருட்கள் இருக்கின்றன. அடைத்த மூக்கைத் திறக்கிற மாத்திரைக்கும் அவைதான் மூலம். ஆளை உருக்கிக் குடிக்கிற தூளுக்கும் அவைதான் மூலம். அவற்றை வேண்டாம் என்று தடுத்தால் மருந்து இருக்காது. போகட்டும் என்று விட்டால் தெருவில் பிள்ளைகள் சாவார்கள். அதனால் நாடுகள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. அனுப்புகிற நாடு முன்கூட்டியே ஒரு அறிவிப்பு அனுப்பும்: உங்கள் ஊர்க் கம்பெனி ஒன்று எங்களிடம் இவ்வளவு கிலோ கேட்கிறது, அனுப்பட்டுமா? பத்து வேலை நாளுக்குள் ‘வேண்டாம்’ என்று சொல்லலாம். ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சரக்கு கிளம்பிவிடும்.

“அப்ப நீ சும்மா இருக்கறதுக்குத்தான் சம்பளமா?” என்று தம்பி கேட்டான்.

கேலியாகக் கேட்டாலும் அதில் பாதி உண்மை இருந்தது. ‘ஆட்சேபம் இல்லை’ என்று பதில் எழுத மூன்று கையெழுத்து வேண்டும். எழுதாமல் விட்டாலும் அதே பலன்தான். எனவே நல்ல கம்பெனிகளின் அறிவிப்புகளை அச்செடுத்து ஜன்னலோரத் தட்டில் போட்டுவிடுவார்கள். கெடு தானாகக் கழியும். ஊறப் போடுவது என்று அதற்குப் பெயர். ஊறுகிற தட்டைக் கிளறக் கூடாது, யாரும் எதுவும் கேட்கக் கூடாது. இது சட்டத்தில் இல்லை, பழக்கத்தில் இருந்தது.

அக்காவுக்குத் தனியாக இன்னொரு பழக்கமும் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் ஓர் இருமல் மருந்துக் கம்பெனியின் சரக்கைச் சந்தேகம் என்று எழுதித் தடுத்தாள். சந்தேகம் தவறு என்று தெரிந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லை. அவளுக்கு விளக்கம் கேட்டு மூன்று ஓலை வந்தது. அதிலிருந்து, முழுசாகத் தெரியாத எதையும் அவள் பதிவேட்டில் ஏற்றுவதில்லை. சந்தேகம் வந்தால் அந்தத் தாளின் மூலையை மடித்து, பென்சிலில் ஒரு வார்த்தை எழுதி, அதே தட்டில் மற்றத் தாள்களுக்கு அடியில் வைப்பாள். ஒழிந்த நேரத்தில் தானே போன் பண்ணி விசாரிப்பாள். சரியென்றால் மூலையை நிமிர்த்துவாள். இப்படி ஒன்று இருப்பது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

“எல்லாம் ஊறிடுச்சுக்கா,” என்றாள் டைப்பிஸ்ட் பெண், பெருமையாக. “ஒண்ணு விடாம. நான் கையே வைக்கல.”

அக்கா தட்டை இழுத்து, எல்லாவற்றுக்கும் அடியிலிருந்த தாளை எடுத்தாள். மூலை மடிந்திருந்தது.

அந்தத் தாளைத் தட்டில் வைத்த மறுநாள் காலை பதினொரு மணிக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. போட்டிருந்த செருப்போடு, பையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

தம்பி குளிர்பெட்டி வண்டி ஓட்டினான். மீனும் காய்கறியும் விடிவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். கண் சொருகாமல் இருக்க வழியில் யாரோ ஒரு மாத்திரை கொடுத்தார்கள். பிறகு வண்டி ஓட்டாத நாளிலும் அது வேண்டியிருந்தது. இரண்டு வருடத்தில் கன்னம் ஒட்டி, பல் ஆட்டம் கண்டு, ஒரே கதவை நாலு முறை பூட்டிப் பார்க்கிற ஆளாகிவிட்டான். அக்கா என்னடா இது என்று கேட்டபோது, “டயட்டுக்கா. உன் தம்பியை எவளாவது கொத்திக்கிட்டுப் போயிடுவான்னு கண்ணாடிக்காரி பயப்படணும்ல?” என்றான். கண்ணாடிக்காரி அவன் மனைவி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிறவள். அவன் வைத்த பெயர் வீட்டில் நிலைத்துவிட்டது.

அந்தப் பொருள்களின் பெயர்களை நாளெல்லாம் படிக்கிறவள் அக்கா. அவற்றால் ஆகிற கேடு சொந்தச் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்திருந்தும் எட்டு மாதம் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்த பிறகு சிகிச்சைக்கு அழைத்துப் போனாள். இருமுறை மீண்டான். மூன்றாம் முறை, நான்கு நாள் கருவிகளுக்கு நடுவே கிடந்துவிட்டுப் போய்விட்டான். வயது முப்பத்தெட்டு. மாரடைப்பு என்று எல்லோரிடமும் சொன்னார்கள். இதயம் நின்றதுதானே, பொய்யில்லை என்று கண்ணாடிக்காரி சொன்னாள். அவள் அழவில்லை. அந்த இரண்டு வாரமும் அழவில்லை.

வீட்டில் இருந்த அந்த நாட்களில் அக்கா ஒருவனை வெறுத்துக்கொண்டிருந்தாள். முகம் தெரியாத ஒருவன். தம்பி விழுங்கிய மாத்திரை ஏதோ ஒரு சரக்கிலிருந்து வந்தது. அந்தச் சரக்குக்கு ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு மேசையில் ஒரு தாள் வந்திருக்கும். அங்கே ஒருவன் உட்கார்ந்திருந்திருப்பான். அவனுக்கு ஒரு தொப்பையும், பாதி குடித்து ஆறவிட்ட ஒரு கோப்பையும், வேலை நேரத்தில் போனில் கதை பேசுகிற குணமும் கொடுத்திருந்தாள். அவன் மட்டும் அந்தத் தாளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்திருந்தால் என்று நினைத்து நினைத்து, பல்லைக் கடித்துத் தாடை வலித்தது.

இப்போது அப்படி ஒரு தாள் அவள் கையில் இருந்தது.

மூக்கில் விடுகிற சொட்டு மருந்து செய்யும் சிறு கம்பெனி. வழக்கமாக வருடத்துக்கு முப்பது கிலோ கேட்பார்கள். இந்த முறை எண்ணூறு. சரக்கு வைக்கும் இடம்: மூன்றாம் மாடி, கதவு எண் பன்னிரண்டு. முப்பத்திரண்டு டிரம்மை எவனாவது மூன்றாம் மாடியில் வைப்பானா? தேதியோடு அவள் பென்சிலில் எழுதியிருந்தது அதைத்தான்: ‘3ஆம் மாடியா? விசாரி.’

கணினியைத் திறந்து பார்த்தாள். தம்பி இறந்த ஆறாம் நாள் கெடு முடிந்திருந்தது. விமானத்தில் சரக்கு வந்து, சுங்கத்தைத் தாண்டி, போய்விட்டது. அதற்குக் கீழே, அவள் இல்லாதபோது வந்த இன்னொரு அறிவிப்பு இருந்தது. அதே கம்பெனி, அதே கதவு எண். ஆயிரத்து இருநூறு கிலோ. நாளை மாலை நான்கு மணியோடு கெடு முடிகிறது.

மறுநாள் காலை அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அந்த முகவரிக்குப் போனாள். சாவி வெட்டுகிறவர்கள், செருப்பு தைக்கிறவர்கள் இருக்கிற குறுகிய தெரு. கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. பன்னிரண்டாம் கதவில் பூட்டு தொங்கியது. எதிர்க்கதவைக் கொஞ்சம் திறந்து, ஒரு அம்மாள் தலையை நீட்டினாள்.

“யாரைத் தேடறீங்க?”

“இங்க ஒரு மருந்துக் கம்பெனி…”

“கம்பெனியா? இந்த மாடியில பூனைகூடத் தங்காது. தண்ணி ஏறாது.” ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவள் கதவை முழுசாகத் திறந்தாள். “போன வாரம் நீல டிரம்மா வந்துச்சு. நாலு பேரு நாக்குத் தள்ள ஏத்துனானுங்க. மூணே நாள்ல அதே நாலு பேரு திரும்ப இறக்குனானுங்க. ஏன்டா, கீழயே வச்சுத் தொலைச்சா என்னன்னு கேட்டேன். பேப்பர்ல இந்த அட்ரஸ்தான் பாட்டி இருக்குன்னான் ஒருத்தன். என்னைப் பார்த்தா பாட்டி மாதிரியா இருக்கு?”

“இல்லம்மா.”

“டிரம்மு உங்களுதா?”

அக்கா தொங்குகிற பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். “இல்லம்மா,” என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் சுவர்ச் சுண்ணாம்பு வட்ட விளிம்பு பட்டுப் பெயர்ந்திருந்தது. அதில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள்.

அலுவலகம் திரும்பியபோது மணி இரண்டு. நேரே கமா சார் அறைக்குப் போனாள். ஆயிரத்து இருநூறு கிலோவைத் தடுக்க வேண்டும் என்றாள். கண்டதைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“உக்காரும்மா. நீ போனது ஆபீஸ் உத்தரவுல போனதில்ல. கோப்புல ஏத்த முடியாது. உனக்கே தெரியும்.”

“தெரியும் சார்.”

“போன தடவை ஆட்சேபம் இல்லாம சரக்கு வாங்கின கம்பெனி, விதிப்படி அறிமுகமான கம்பெனி. அதைத் தடுக்கணும்னா ஒண்ணு, ஆய்வாளர் அறிக்கை வேணும். இல்லைன்னா இதுக்கு முன்னாடியே நாம சந்தேகப்பட்டோம்னு ஏதாவது எழுத்துல இருக்கணும். ஆய்வாளர் போக மூணு வாரம் ஆகும். எழுத்துல என்ன இருக்கு? ஒண்ணுமில்ல.”

அக்கா மடித்த மூலையோடு தாளை அவர் முன்னால் வைத்தாள்.

அவர் படித்தார். தேதியைப் படித்தார். திரும்பவும் படித்தார். வெளியே டைப்பிஸ்ட் பெண்ணின் விசைப்பலகை சத்தம் நின்று நின்று கேட்டது.

“இதைக் காட்டினா ரெண்டாவது நிக்கும்,” என்றார் மெதுவாக. “ஆனா முதல் எண்ணூறு கிலோவுக்கு நீ பதில் சொல்லணும். சந்தேகம்னு தெரிஞ்சும் யார்கிட்டயும் சொல்லாம தட்டுல போட்டுட்டுப் போனேன்னு ஆயிடும். தெரியாம விட்டா தப்பு. தெரிஞ்சு விட்டா குற்றம்மா.”

“ஆமா சார்.”

“வீட்டுல இப்ப உன் சம்பளம்தானே பெருசு?”

“ஆமா சார்.”

“சரக்கு வரட்டும். வந்தப்புறம் குடோன்லயே வச்சுப் பிடிக்கலாம். ஆய்வாளருக்கு நான் சொல்றேன்.”

“மூணு நாள்ல இறக்கிடறாங்க சார். நம்ம ஆளு மூணு வாரம் கழிச்சுப் போய், தண்ணி ஏறலைன்னு அந்தம்மா சொல்றதைக் கேட்டுட்டு வருவார்.”

கமா சாருக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. மேசை டிராயரைத் திறந்து ஒரு அழிப்பானை எடுத்து, தாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“பென்சில்தானேம்மா,” என்றார்.

பிறகு தன்னுடைய கோப்பையை எடுத்துக்கொண்டு கழுவுவதற்காக வெளியே போனார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் தன் கோப்பையைத் தானே கழுவி அவள் பார்த்ததில்லை.

அக்கா அந்த அழிப்பானைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் கெட்டவர் இல்லை. தம்பியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரே அலுவலக ஆள் அவர்தான். அவள் வீட்டு வாடகை, கண்ணாடிக்காரியின் சொற்பச் சம்பளம், தனக்கு மீதமிருக்கிற ஒன்பது வருட வேலை எல்லாம் அவளுக்குக் கணக்காகத் தெரிந்தன. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. அவள் இரண்டு வாரமாகத் தேடிக்கொண்டிருந்த ஆளுக்குத் தொப்பை இல்லை. ஆறிப்போன கோப்பையும் இல்லை. அவனுக்கும் அன்றைக்கு ஏதோ ஒரு போன் வந்திருக்கலாம். அவனுக்கும் ஒரு நல்ல தலைவர் அழிப்பான் எடுத்துக் கொடுத்திருக்கலாம். அதை அவன் கையில் எடுத்திருக்கலாம். அவனை வெறுக்கிற சுகமும் இனி அவளுக்கு இல்லை.

கமா சார் திரும்பி வந்தபோது அவள் ஆட்சேபக் கடிதத்தை எழுதி முடித்திருந்தாள். ‘மேற்படி நிறுவனத்தின் முந்தைய கோரிக்கை மீது இப்பிரிவு அலுவலருக்குச் சந்தேகம் எழுந்தது. அதை அவர் உரிய முறையில் பதிவு செய்யவில்லை. தாள் இணைக்கப்பட்டுள்ளது. அந்த அலுவலர் நானே.’

அவர் நின்றபடியே படித்தார். இரண்டாம் வரியில் ஒரு காற்புள்ளி சேர்த்தார். கையெழுத்துப் போட்டபோது பேனா ஒருமுறை மை விடாமல் கீறியது. உதறிவிட்டு மறுபடி போட்டார். மூன்று நாற்பதுக்கு அது போனது. நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது: பெற்றோம், சரக்கு நிறுத்தப்பட்டது.

“அப்பாடா,” என்றாள் டைப்பிஸ்ட் பெண், விஷயம் முழுசாகத் தெரியாமல்.

ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. விசாரணை முடியும்வரை அக்கா பணிக்கு வர வேண்டாம். தபால் அண்ணன் அதைக் கையெழுத்து வாங்கித் தர வேண்டியவர். “இந்த ஒரு கடிதத்தைத் தொலைச்சுடலாம்னு பார்த்தேன்க்கா,” என்றார். “முப்பது வருஷத்துல ஒண்ணும் தொலைச்சதில்லை, பழக்கம் வரமாட்டேங்குது.” அக்கா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பையில் அடங்குகிற சாமான்கள்தான் இருந்தன.

அன்று சாயங்காலம் கண்ணாடிக்காரி கடையிலிருந்து வந்து, கை நகத்தில் அப்பியிருந்த வெள்ளைப் பொடியைப் பழைய பல் விளக்கும் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அவளுக்கு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மடித்த மூலை, போன், தட்டு, மாடிப்படி, கடிதம். கண்ணாடிக்காரி தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“அப்ப முதல்ல வந்தது?”

“போயிடுச்சும்மா.”

“எங்க?”

“தெரியாது. எங்கயாவது காய்ச்சிக்கிட்டிருப்பாங்க.”

“அவருக்கு வந்தது…”

“அது இது இல்ல. தேதி ஒத்து வராது. அவன் போனதுக்கு அப்புறம்தான் இது வந்துச்சு.” இதைச் சொன்னால் கொஞ்சம் தேவலையாக இருக்கும் என்று அக்கா வழியெல்லாம் நினைத்து வந்திருந்தாள். சொன்ன பிறகு அப்படி இருக்கவில்லை.

“அதுவும் இப்படி எவன் ஆபீஸ்லயாவது கிடந்துட்டுத்தான் வந்திருக்கும், இல்ல அண்ணி?”

“ஆமா.”

“அந்த ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா?”

“முடியாதும்மா.”

கண்ணாடிக்காரி பிரஷைக் கீழே வைத்தாள். “நான் அவன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு வச்சிருந்தேன். கடையில வில்லை தேய்க்கும்போது தினமும் கேட்டுப் பார்ப்பேன். வேற வேற மாதிரி. எந்த மாதிரி கேட்டா அவனால தப்பிக்க முடியாதுன்னு.” நிமிர்ந்து பார்த்தாள். “உங்ககிட்ட கேக்கட்டுமா?”

“கேளு.”

“அந்தத் தாளைத் தட்டுல வைக்கும்போது, இதைத் திங்கப்போற மனுஷன் ஒருத்தன் இருக்கான்னு உங்களுக்குத் தோணுச்சா?”

பொய் சொல்ல அக்காவுக்கு நேரம் இருந்தது. தோன்றியது என்று சொல்லியிருக்கலாம். அதனால்தான் மூலையை மடித்தேன், உன் புருஷனைத்தான் நினைத்தேன் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

“இல்லம்மா,” என்றாள். “மூணு மணிக்குள்ள முடிக்க இன்னும் ஏழு தாள் இருக்கேன்னுதான் தோணுச்சு.”

கண்ணாடிக்காரி தன் நகங்களைத் திருப்பிப் பார்த்தாள். “அவனும் இதையேதான் சொல்லியிருப்பான்,” என்றாள். குரலில் கோபம் இல்லை. எழுந்து, பிரஷைக் கழுவி அதனிடத்தில் வைத்து, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அதன் பிறகு உள்ளே அழுகை கேட்டது. முதலில் மெல்ல, பிறகு வாய்விட்டு. ஆஸ்பத்திரியில் அழாதவள், தூக்கிக்கொண்டு போனபோது அழாதவள். அக்கா எழுந்து கதவருகே போனாள். தாழ் போட்டிருக்கவில்லை, தள்ளினால் திறந்துகொள்ளும். கையைக் கதவில் வைத்தாள், எடுத்தாள். உள்ளே போய் அவளைக் கட்டிக்கொள்ள இந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. போகத் தகுந்தவள் தான்தானா என்பது மட்டும் தெரியவில்லை.

அழுகை ஓயும்வரை இருக்கலாம் என்று கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள்.